ஸ்காபரோவுக்கு வராத ரயில்

போன மாதம் கனடாவில் இருக்கும் சின்னம்மாவோடு தொலைபேசியில் ஒரு சின்னச் சண்டை. காசுச் சண்டையோ காணிச் சண்டையோ இல்லை. ரயில் சண்டை!

விசயம் இதுதான். பல்கலைக்கழகத்தில் பொது நிதி பாடத்துக்கு ஒரு ஒப்படை தந்திருந்தார்கள். ஏதாவது ஒரு பொது முதலீட்டுத் தீர்மானத்தை எடுத்து, யார் செலவழித்தார்கள், யாருக்குப் பயன், ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்று எழுதவேண்டும். எல்லோரும் துறைமுகம், விமான நிலையம் என்று எடுத்துவிட்டார்கள். மிச்சமாக நான் எடுத்தது ரொறன்ரோவின் இலகு ரயில் கதை. ஸ்காபரோ என்றால் எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்குத் தெரிந்த பெயர்தானே என்ற நினைப்பு. சின்னம்மா இருப்பதும் அங்கேதான், மால்வேர்ன் பக்கம்.

நாலு நாள் வாசித்துவிட்டு, எல்லாம் தெரிந்தவன் மாதிரி அவவிடம் சொன்னேன்:

"சின்னம்மா, ஏழு தரிப்போடை ஒரு ரயில், முழுக்க மாகாணக் காசிலை கட்டித்தாறம் எண்டு அவங்கள் சொன்னவங்கள். அதை விட்டுப்போட்டு மூண்டு தரிப்புச் சப்வேதான் வேணும் எண்டு நீங்கள்தானே வோட் போட்டனீங்கள்?"

"உனக்கென்ன தம்பி, நீ அங்கை இருந்து கணக்குப் பார்க்கிறாய். பனிக்குள்ளை நிண்டு பார்த்தனியே? டவுன்ரவுன்காரருக்கு நிலத்துக்குக் கீழை ரயில், எங்களுக்கு மட்டும் றோட்டிலை ஓடுற ட்ராமோ?"

எனக்கு வாய் அடைத்துப் போனது. அவ சொன்னதில் ஒரு பிழை இருந்தது, ஒரு சரியும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க :-)

முதலில் ஒரு சின்ன விளக்கம்

சப்வே என்றால் நிலத்துக்குக் கீழ் சுரங்கம் தோண்டி ஓடும் கனரக ரயில். நிறையச் சனத்தை ஏற்றும், ஆனால் தோண்டும் செலவு பயங்கரம். பஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் இலகு ரயில், சுருக்கமாக எல்.ஆர்.ரி. மின்சாரத்தில் ஓடும். வீதியின் நடுவில் தனக்கென்று ஒதுக்கிய பாதையில் போகலாம், பாலத்தின் மேல் போகலாம், தேவையான இடத்தில் மட்டும் சுரங்கத்துக்குள் நுழையலாம். பஸ்ஸைவிடப் பலமடங்கு பேரை ஏற்றும். சப்வேயைவிடச் செலவு மிகக் குறைவு.

ரொறன்ரோவின் உள்நகர வீதிகளில் நூறு வருசத்துக்கு மேலாக ட்ராம் ஓடுகிறது. அது கார்களோடு சேர்ந்து ஒரே வீதியில் முட்டி மோதி ஓடுவது. எல்.ஆர்.ரி. என்ற சொல்லைக் கேட்டதும் அங்குள்ள சனத்துக்கு ஞாபகம் வருவது இந்த ட்ராம்தான். இந்த ஞாபகம்தான் பின்னால் அரசியலில் பெரிய வேலை செய்தது. இதை மனதில் வைத்திருங்கள்.

1985: பரிசோதனைக்கு ஒரு ஊர்

ஸ்காபரோ அப்போது தனி மாநகரம், ரொறன்ரோவின் கிழக்கு எல்லையில். சப்வே கென்னடி நிலையத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் ஸ்காபரோவின் நடுப்பகுதிக்குப் போக ஒரு பாதை வேண்டும். தனிப் பாதையில் ஓடும் ட்ராம் போடுவதாகத்தான் முதலில் திட்டம். அதாவது இன்றைய மொழியில் எல்.ஆர்.ரி.!

ஆனால் ஒன்ராறியோ மாகாண அரசு தன்னுடைய சொந்த நிறுவனம் ஒன்றில் புதிய தொழில்நுட்பம் ஒன்றை உருவாக்கி வைத்திருந்தது. நேர்கோட்டு மோட்டாரில் ஓடும் சின்ன ரயில். அதை உலகத்துக்கு விற்கவேண்டும், விற்பதற்கு முதல் எங்காவது ஓடிக் காட்டவேண்டும். அந்த 'எங்காவது' ஸ்காபரோ ஆனது. ட்ராம் திட்டம் மாற்றப்பட்டது, செலவு கூடியது. 1985 மார்ச்சில் ஸ்காபரோ ஆர்.ரி. திறக்கப்பட்டது. 6.4 கிலோமீற்றர், ஆறு நிலையங்கள்.

இதே தொழில்நுட்பத்தை வன்கூவர் நகரமும் எடுத்து, பெரிதாக வளர்த்து, நன்றாகவே நடத்தியது. ஸ்காபரோவில் அது வளரவில்லை. ஆறு நிலையம் ஆறாகவே இருந்தது. பனிக்காலத்தில் அடிக்கடி படுத்துக்கொள்ளும். கென்னடியில் சப்வே கீழ்த்தளத்தில், ஆர்.ரி. மேல்த்தளத்தில். ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் படியேறி இறங்கி மாறவேண்டும். புதிய தலைமுறைப் பெட்டிகள் வாங்கலாம் என்றால், எல்ஸ்மெயர் அருகே இருக்கும் சுரங்க வளைவு அவற்றுக்கு மிக ஒடுக்கம். 2006இல் ஒரு ஆய்வு, அந்த வளைவைத் திருத்திப் புதிய பெட்டிகள் வாங்க ஏறத்தாழ 360 மில்லியன் டொலர் போதும் என்றது. இந்தத் தொகையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கும்.

சின்னம்மாவின் கோபத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. "உங்களுக்கு இது போதும்" என்று ஒரு தரம் கொடுத்ததை முப்பது வருசம் அனுபவித்த சனம், இரண்டாம் தரம் "இது சப்வே மாதிரித்தான், ஆனால் சப்வே இல்லை" என்று சொன்னால் நம்புமா?

குழி தோண்டி மூடிய கதை

1994இல் எக்ளின்ரன் மேற்கில் ஒரு சப்வேக்குத் தோண்டத் தொடங்கினார்கள். 1995இல் மாகாணத்தில் ஆட்சி மாறியது. புதிய முதல்வர் மைக் ஹரிஸ் செலவைக் குறைக்கிறேன் என்று அந்தத் திட்டத்தை நிறுத்தினார். தோண்டிய குழியை மண் போட்டு மூடினார்கள். உண்மையாகவே மூடினார்கள்!

அதே ஹரிஸ் அரசு 1998 ஜனவரி 1 முதல் ரொறன்ரோ, ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ற் யோர்க் என்ற ஆறையும் சேர்த்து ஒரே மாநகரம் ஆக்கியது. பெயர் ஒன்றானது, மனம் ஒன்றாகவில்லை. உள்நகரத்துக்கு ஒரு நியாயம், புறநகருக்கு ஒரு நியாயம் என்ற எண்ணம் இன்னும் கூர்மையானது.

2002இல் ஷெப்பேட் வீதியின் கீழே ஐந்து நிலையங்களோடு ஒரு குட்டிச் சப்வே திறந்தது. ஒரு பில்லியன் டொலருக்குக் கொஞ்சம் குறைவு. அது ஸ்காபரோவுக்கு வரமுதலே, நோர்த் யோர்க்கிலேயே நின்றுவிட்டது. ஸ்காபரோ சனத்துக்கு இது இன்னொரு குத்து.

2007: ஏழு கோடுகள்

2007 மார்ச்சில் மேயர் டேவிட் மில்லரும், ரி.ரி.சி. என்ற போக்குவரத்து ஆணைக்குழுவின் தலைவர் அடம் ஜியம்பிரோனியும் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். பெயர் ட்ரான்சிற் சிற்றி. ஏழு எல்.ஆர்.ரி. பாதைகள், மொத்தம் 120 கிலோமீற்றர், மதிப்பீடு 6 பில்லியன் டொலர்.

யோசனை எளிமையானது. ஒரு சப்வே கட்டும் காசில் பல ஊர்களுக்கு ரயில் கொடுக்கலாம். புறநகரில் வறுமைப்பட்ட, புதிதாகக் குடியேறியவர்கள் வாழும் பகுதிகள் ரயிலே இல்லாமல் இருந்தன. பாதைகள் அங்கேதான் போயின. அவற்றில் ஒன்று கென்னடியிலிருந்து ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் வழியாக மால்வேர்னுக்கு. அதாவது சின்னம்மா வீட்டுப் பக்கத்துக்கு! பழைய ஆர்.ரி.யையும் எல்.ஆர்.ரி. ஆக மாற்றி நீட்டுவது என்று பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

காசு? நகரத்திடம் இல்லை. மாகாண முதல்வர் டால்ரன் மக்கின்ரி தருவதாகச் சொன்னார். 2009இல் ஷெப்பேட் கிழக்குப் பாதைக்கு மத்திய அரசும் மூன்றில் ஒரு பங்கு தர ஒப்புக்கொண்டு, வேலையும் தொடங்கியது. ஆனால் உலகப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2010 வரவு செலவுத் திட்டத்தில் மாகாணம் 4 பில்லியன் டொலரைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டது. கல்யாணத்தை ஒத்திவைத்தால் சம்பந்தம் குழம்பும் என்று ஊரில் சொல்வார்கள். இங்கேயும் அதுதான் நடந்தது.

2010 – 2012: ஒரு மேயர், ஒரு வாக்கு

2010 ஒக்ரோபரில் ரொப் ஃபோர்ட் மேயராகத் தெரிவானார். அவருடைய பலம் முழுக்கப் புறநகரம். கார்களுக்கு எதிரான யுத்தம் முடிந்துவிட்டது, மக்கள் கேட்பது சப்வேதான் என்பது அவருடைய வாதம். பதவியேற்ற முதல் நாளே, டிசெம்பர் 1, ட்ரான்சிற் சிற்றி செத்துவிட்டது என்று அறிவித்தார்.

2011 மார்ச்சில் அவரும் மக்கின்ரியும் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தார்கள். எக்ளின்ரன் பாதை முழுவதையும் நிலத்துக்குக் கீழே கொண்டுபோக 8 பில்லியனுக்கு மேற்பட்ட மாகாணப் பணம். ஷெப்பேட் சப்வேயை நகரம் தனியார் முதலீட்டில் கட்டிக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வரவேண்டிய தனியார் பணம் வரவில்லை.

இங்கே எங்கள் வாசகர்களுக்கு ஒரு விசயம் சொல்லவேண்டும். ரொறன்ரோ மேயர் எங்களூர் நிறைவேற்று ஜனாதிபதி மாதிரி இல்லை. அப்போது சபையில் 44 உறுப்பினர்கள், மேயரோடு 45. மேயருக்கும் ஒரு வாக்குத்தான். இந்த உடன்படிக்கையை ஃபோர்ட் சபைக்குக் கொண்டுவரவேயில்லை. சபையின் அனுமதி இல்லாமல் திட்டத்தை மாற்ற மேயருக்கு அதிகாரமே இல்லை என்று 2012 ஜனவரியில் ஒரு சட்ட ஆலோசனை வெளிவந்தது.

அடுத்து நடந்தது சினிமாக் காட்சி. ஃபோர்டே ரி.ரி.சி. தலைவராக ஆதரித்த கரன் ஸ்ரின்ஸ், சபை உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டு விசேட கூட்டம் கூட்டினார். 2012 பெப்ரவரி 8ஆம் திகதி 25க்கு 18 என்ற வாக்கில் எல்.ஆர்.ரி. திரும்ப வந்தது. இரண்டு கிழமைக்குள், எல்.ஆர்.ரி.யை ஆதரித்துப் பேசிய ரி.ரி.சி.யின் தலைமை முகாமையாளர் கரி வெப்ஸ்ரரை, ஆணைக்குழுவில் இருந்த ஃபோர்டின் ஆதரவாளர்கள் 5க்கு 4 என்ற வாக்கில் வேலையால் நிறுத்தினார்கள். மார்ச் மாதம் சபை அந்த ஆணைக்குழுவையே கலைத்துப் புதிதாக நியமித்தது. மார்ச் 22இல் ஷெப்பேட்டிலும் எல்.ஆர்.ரி.தான் என்று 24க்கு 19.

2012 நவம்பரில் மாகாணத்தின் மெற்றோலிங்க்ஸ் நிறுவனமும் நகரமும் ரி.ரி.சி.யும் ஒப்பந்தம் போட்டன. ஸ்காபரோவுக்கு ஏழு தரிப்பு, கிட்டத்தட்ட 10 கிலோமீற்றர். நகரம் கட்டுமானத்துக்கு ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. 2020இல் திறப்பு.

முக்கியமான விசயம்: இந்தப் பாதை வீதியில் ஓடுவதே இல்லை. பழைய ஆர்.ரி. ஓடிய தனிப் பாதையில்தான் ஓடும், நீட்டிய பகுதியும் அப்படித்தான். சிவப்பு விளக்கு இல்லை, கார் குறுக்கே வராது. சின்னம்மா சொன்னதில் பிழை என்றேனே, அது இதுதான். 'றோட்டிலை ஓடுற ட்ராம்' அவவுக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. ஆனால் எல்.ஆர்.ரி. என்றால் ட்ராம் என்று தேர்தல் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. வித்தியாசத்தைச் சனத்துக்கு விளங்கச் சொல்லவேண்டியவர்கள் சரியாகச் சொல்லவும் இல்லை.

2013: எல்லோரும் சப்வே கட்சி

ஒப்பந்தம் போட்டு ஒரு வருசம்கூட ஆகவில்லை. 2013 ஜூலையில் சபை 28க்கு 16 என்று சப்வேக்கு மாறியது. எல்.ஆர்.ரி.யைக் காப்பாற்றிய அதே ஸ்ரின்ஸும் இந்தமுறை சப்வே பக்கம்.

ஏன்? ஓகஸ்ட் 1ஆம் திகதி ஸ்காபரோ–கில்ட்வூட் தொகுதியில் மாகாண இடைத்தேர்தல். கத்லீன் வின்னின் லிபரல் அரசு சிறுபான்மை அரசு. ஒவ்வொரு ஆசனமும் முக்கியம். லிபரல் வேட்பாளர் தன்னைச் சப்வேயின் காவலராகவே காட்டி வென்றார். செப்டெம்பரில் ஹார்ப்பரின் மத்திய அரசு 660 மில்லியன் தருவதாக அறிவித்தது. ஒக்ரோபர் 8ஆம் திகதி இறுதி வாக்கு, 24க்கு 20.

மூன்று கட்சி, மூன்று மட்டத்து அரசு. ஒருவரை ஒருவர் கண்ணில் காட்டக்கூடாதவர்கள். ஆனால் ஸ்காபரோ சப்வே என்றதும் எல்லோரும் ஒரே மேடை! காரணத்தைத் தேட அரசறிவியல் படிக்கத் தேவையில்லை. ஸ்காபரோவில் ஆசனங்கள் அதிகம், அவை இந்தப் பக்கமும் சாயும், அந்தப் பக்கமும் சாயும்.

மொத்த மதிப்பீடு 3.56 பில்லியன் டொலர். மூன்று நிலையம். மாகாணம் 1.99 பில்லியன், மத்திய அரசு 660 மில்லியன், மிச்சம் 910 மில்லியன் நகரத்தின் தலையில். அதற்காக வீட்டுச் சொத்து வரி 1.6 வீதம் மூன்று வருசத்தில் படிப்படியாக ஏறியது. கைவிட்ட எல்.ஆர்.ரி.க்கு ஏற்கனவே செலவழித்த 75 மில்லியன் டொலர் அளவும் நகரத்தின் கணக்கில்தான் விழுந்தது. வகுப்பில் மூழ்கிய கிரயம் என்று படிப்போமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அப்போது சப்வேக்குச் சார்பாகச் சொன்ன ஒரு வாதத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நியாயமான வாதம். எல்.ஆர்.ரி. கட்டும்போது பழைய ஆர்.ரி.யை மூடவேண்டும், மூன்று வருசமளவு சனம் பஸ்ஸில் அலையவேண்டும். சப்வே வேறு பாதையில் போவதால் அந்தக் கஷ்டமே இல்லை என்றார்கள். இதையும் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

2016: மூன்று ஒன்றானது

2014இல் ஜோன் ரோறி மேயரானார். 2016 ஜனவரியில் நகரத் திட்டமிடல் தலைவர் ஜெனிஃபர் கீஸ்மாற் தலைமையில் ஒரு சமரசம் வந்தது. மூன்று நிலையத்துக்குப் பதில் ஒரே ஒரு நிலையம், ஸ்காபரோ சென்ரர். மிச்சம் பிடிக்கும் காசில் எக்ளின்ரன் கிழக்கு வழியாகப் பல்கலைக்கழக வளாகம் வரை 17 தரிப்போடு எல்.ஆர்.ரி. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம்.

ஜூன் மாதத்துக்குள் அந்த ஒரு நிலையச் சப்வேயின் மதிப்பீடு 2 பில்லியனிலிருந்து 2.9 பில்லியன் ஆகிவிட்டது. 2017இல் பஸ் நிலையத்தோடு சேர்த்து 3.35 பில்லியன். மிச்சக் காசு ஆவியாகிப் போனது, 17 தரிப்பும் காற்றில் போனது. உச்ச நேரத்தில் மணிக்கு 7,300 பேர் பயணம் செய்வார்கள் என்பது புதிய கணிப்பு. 2013இல் சபைக்குச் சொன்னது 9,500 முதல் 14,000 வரை. மணிக்கு 15,000 பேர் அளவு வந்தால்தான் சப்வே தேவை என்பது பொதுவான கணக்கு. ஜோஷ் மற்லோ என்ற உறுப்பினர் திரும்ப ஏழு தரிப்பு எல்.ஆர்.ரி.க்கே போவோம் என்று பிரேரணை கொண்டுவந்தார். தோற்றது.

2018இல் ரொப்பின் அண்ணன் டக் ஃபோர்ட் மாகாண முதல்வரானார். (ரொப் 2016இல் புற்றுநோயால் காலமாகிவிட்டார்.) 2019 ஏப்ரலில் சப்வேயை மாகாணமே கட்டும், திரும்ப மூன்று நிலையம், 5.5 பில்லியன் டொலர், 2029–30 அளவில் திறப்பு என்று அறிவித்தார். 2021இல் வேலை தொடங்கியது. லோறன்ஸ், ஸ்காபரோ சென்ரர், ஷெப்பேட். 7.8 கிலோமீற்றர். மால்வேர்ன் இல்லை.

2023 ஜூலை 24

இத்தனை வருசமும் பழைய ஆர்.ரி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2020க்கு முன்னமே ஓய்வு கொடுத்திருக்கவேண்டிய பெட்டிகளை ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். 2023 நவம்பரில் மூடுவது என்று தீர்மானித்தும் இருந்தார்கள். ரயில் அதுவரை காத்திருக்கவில்லை. ஜூலை 24ஆம் திகதி மாலை, எல்ஸ்மெயர் நிலையத்துக்குத் தெற்கே, கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. ஐந்து பேருக்குச் சிறு காயம். நல்ல காலம், அதற்குமேல் ஒன்றுமில்லை. அடுத்த மாதம், இனி அது ஓடாது என்று அறிவித்துவிட்டார்கள். பழைய தண்டவாளம் இருந்த இடத்தில் பஸ்ஸுக்கு மட்டுமான ஒரு வீதி போடுவதென்று முடிவானது.

மூன்று வருசம் பஸ்ஸில் அலையவேண்டும் என்று பயந்துதானே எல்.ஆர்.ரி.யை விட்டார்கள்? இப்போது சப்வே வரும்வரை பஸ்தான். சொன்ன திகதிக்கு வந்தால்கூட ஆறேழு வருசம்.

கணக்குப் புத்தகம்

வணிகமாணி படிக்கிறவனிடம் கதை கேட்டால் கடைசியில் கணக்குக் காட்டாமல் விடமாட்டான்.

2012 எல்.ஆர்.ரி.: ஏழு தரிப்புக்கு மாகாணம் ஒதுக்கியது 1.48 பில்லியன் (2010இன் விலையில்). தரிப்பு ஒன்றுக்கு 21 கோடி டொலர் அளவு.
2013 சப்வே: 3.56 பில்லியன், மூன்று நிலையம். ஒன்றுக்கு ஏறத்தாழ 119 கோடி.
2017 சப்வே: 3.35 பில்லியன், ஒரு நிலையம். ஒன்றுக்கு 335 கோடி!
2019 சப்வே: 5.5 பில்லியன், மூன்று நிலையம். ஒன்றுக்கு ஏறத்தாழ 183 கோடி.

வெவ்வேறு வருசத்து விலை, வெவ்வேறு பாதை, ஆகவே நேருக்கு நேர் ஒப்பிடுவது முழுக்கச் சரியில்லை என்று விரிவுரையாளர் கட்டாயம் சிவப்பு மையால் எழுதுவார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பணவீக்கத்தைக் கழித்தாலும் இந்த வித்தியாசம் மறையாது.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது காசுகூட இல்லை. அமையச் செலவு என்று படிக்கிறோம். ஒன்றைத் தெரிவு செய்தால் கைவிட்ட மற்றதன் பெறுமதி. இங்கே கைவிட்டது காலம். 2020இலிருந்து ஓடியிருக்கவேண்டிய ரயில். அந்தப் பத்து வருசத்தில் ஸ்காபரோவில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் தொடங்கிப் பத்தாம் வகுப்புக்கு வந்துவிடும்.

மற்றப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மை இல்லை. எல்.ஆர்.ரி. என்றாலே எல்லாம் சுகம் என்றில்லை. எக்ளின்ரன் பாதைக்கு 2011இல் வேலை தொடங்கி, 2020இல் திறப்பதாகச் சொல்லி, அந்தத் திகதியும் தாண்டி வருசக்கணக்கில் இழுத்தது. கரையோரக் கடைக்காரர் பலர் நொந்துபோனார்கள். மில்லரின் ஏழு கோடுகளில் ஒன்றான ஃபின்ச் மேற்குப் பாதை 2025 டிசெம்பரில்தான் திறந்தது. 10.3 கிலோமீற்றர், 18 தரிப்பு. திறந்த கையோடு, மிக மெதுவாகப் போகிறது என்ற குறைதான் முதலில் வந்தது. சப்வே கேட்டவர்கள் 'பார்த்தியளோ' என்றிருப்பார்கள். சிக்கல் தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை, கட்டுகிற முறையிலும் ஓட்டுகிற முறையிலும் இருக்கிறது.

கொழும்பு நினைவு

இதை வாசிக்கும்போது எனக்கு எங்கள் நாட்டுக் கதையும் ஞாபகம் வராமல் இல்லை. மாலபேயிலிருந்து கோட்டைக்கு 16 நிலையங்களோடு ஒரு இலகு ரயில். 2019இல் ஜப்பானோடு கடன் ஒப்பந்தம், வட்டி 0.1 வீதம், 40 வருசத்தில் திருப்பிக் கொடுப்பது. ஆட்சி மாறியது. 2020 செப்டெம்பரில், செலவுக்கேற்ற பயன் இல்லை என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அங்கே வாக்கெடுப்பு வைத்து வைத்து மாற்றினார்கள், இங்கே ஒரு கடிதத்தோடு முடிந்தது. மாலபேயிலிருந்து கோட்டைக்குப் போகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். பஸ்.

திரும்பவும் சின்னம்மா

ஒப்படை கொடுத்த பிறகு திரும்பவும் அவவோடு கதைத்தேன். இந்தமுறை கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எந்தப் பாதையால் வேலைக்குப் போறனீங்கள் என்று கேட்டேன். வீட்டிலிருந்து ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ், அதற்குப் பிறகு சப்வே. முதல் எல்லாம் நடுவில் ஆர்.ரி. இருந்தது.

நான் சொன்னேன், "சின்னம்மா, அந்த எல்.ஆர்.ரி. றோட்டிலை ஓடுறேல்லை. ஆர்.ரி. போன பாதையாலைதான் போயிருக்கும். பிறகு மால்வேர்ன் மட்டும் நீட்டுறதெண்டும் ஒரு கதை இருந்தது."

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.

"அப்பிடி ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லையே தம்பி" என்றா.

முதலில் நான் நினைத்தது, சனம் கணக்குத் தெரியாமல் வாக்குப் போட்டுவிட்டது என்று. இப்போது அப்படி நினைக்கவில்லை. 1985இல் பரிசோதனைப் பொருளாகப் பாவிக்கப்பட்ட ஊர், 2002இல் எல்லைக்கு வெளியில் நின்றுவிட்ட ரயிலைப் பார்த்த ஊர், "உங்களுக்கும் மற்றவைக்குக் கொடுத்ததுதான் வேணும்" என்று சொன்னதில் என்ன பிழை? அந்த மரியாதைக் குறைவை ஒரு பக்கம் கவனிக்கவில்லை. மற்றப் பக்கம் அதைக் கவனித்து, அதை வைத்தே வாக்கு வாங்கியது. இரண்டு பக்கமும் சேர்ந்து சின்னம்மாவைப் பஸ் தரிப்பில் விட்டுவிட்டுப் போய்விட்டன.

செலவையும் பயனையும் ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். அந்த அட்டவணையில் 'நம்பிக்கை' என்று ஒரு நிரல் இல்லை. அது இல்லாவிட்டால் மற்ற நிரல்களில் என்ன எழுதினாலும் சனம் வாசிக்காது என்பதை ஒரு ஒப்படைக்குப் பிறகு விளங்கிக்கொண்டேன். (புள்ளி இன்னும் வரவில்லை. வந்தால் சொல்கிறேன், நல்ல புள்ளியாக இருந்தால் மட்டும் :-))

சின்னம்மா இன்னும் நாலு வருசத்தில் ஓய்வு பெறுகிறா. சப்வே சொன்ன காலத்துக்கு வந்தால், அதில் ஏறி வேலைக்குப் போக அவவுக்குச் சில மாதம் கிடைக்கலாம்.

அடுத்த பதிவில் வேறொரு விசயத்தோடு சந்திப்போம்.